இல்லாத சுவரின் மூன்று அடி

அக்கா,

நீர் ஆபீசிலிருந்து உன் நோட்டை நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய இடத்திலேயே வைக்கலாம் என்று இன்று காலையில் அந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே உன் இரும்பு டேப். துருவும் சாக்பீஸ் தூளும் கலந்த வாடை குப்பென்று வந்தது. பின்னால் நின்றுகொண்டு, "சரசு, டேப்ப ஈரத்தோட சுத்தாதடி" என்று நீ சொல்லப்போகிறாய் என்று திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். கூடத்தில் தறி மட்டும்தான் இருந்தது.

துக்கத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. துக்கம் போன ஆவணியில், உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கே வந்துவிட்டது. அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கிறது. இது வேறு. இது வயிற்றெரிச்சல். நீ பதினோரு வருஷம் அளந்து எழுதிய எண்களை நம்ப முடியாது என்று ஒரு அதிகாரி எல்லார் முன்னாலும் சொன்னார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு வேறு எதுவும் எழுத வராது.

அந்த ஜீப் நம் தெருவுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நிலத்தடி நீர் ஆபீசிலிருந்து வந்தவர்கள் தெருக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் மஞ்சள் பெயின்டால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒரு நம்பர் எழுதினார்கள். மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லத் தெருவிலேயே ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். ஆம்பிளைகள் யாரும் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. உன்னைக் கட்டிய மாமாவும் போய், பிள்ளையும் இல்லாமல், வீட்டின் அந்தப் பாதியில் நீ தனியாக இருந்த நேரம் அது. "நான் பாக்கறேன் சார்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் ஓரகத்திகள், நம் இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா நீ?

தெருவுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. நீ டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவதைப் பார்த்து ஏகாம்பரம் அண்ணன் எதிர்வீட்டு வாசலிலிருந்து கத்துவார்.

"இன்னாம்மா டாக்டரு, கெணத்துக்கு ஜுரம் எவ்ளோ இருக்குது?"

"கெணறு நல்லாத்தான் இருக்குது. உனக்குப் பாக்கணுமா? இப்டி வந்து நாக்க நீட்டு."

தெரு மொத்தமும் சிரிக்கும். அவரும் சிரிப்பார். நானும்தான் சிரித்தேன்.

எப்படி அளப்பாய் என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். மஞ்சள் வட்டத்துக்கு நேராக டேப்பை வைத்து, தண்ணீருக்குள் கொஞ்சம் போகும்படி விடுவாய். மேலே இழுத்தால் சாக்பீஸ் நனைந்த இடம் தனியாகத் தெரியும். அதைக் கழித்தால் சுவரின் உச்சியிலிருந்து தண்ணீர் எத்தனை அடி என்று கிடைக்கும். அதை நோட்டில் எழுதுவாய். பிறகு அதிலிருந்து சுவரின் உயரம் மூன்று அடியைக் கழித்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று பக்கத்தில் இன்னொரு எண் எழுதுவாய். சும்மா இருக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேன்.

"எதுக்குக்கா ரெண்டு? ஒண்ணு போதாதா?"

"சொவுரு நம்ப கட்டுனதுடி. அது தண்ணிக்குத் தெரியாது."

அப்போது அது எனக்குப் புரியவில்லை. நீ ஏதோ பெரிய ஆள் மாதிரி பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

மாதத்தின் முதல் தேதி காலையில் நீ அளந்து முடிக்கிற வரை கிணற்றில் யாரும் மோட்டார் போடக்கூடாது. போட்டால் நீர் இறங்கிவிடும், எண் தப்பாகிவிடும். இதற்காக எத்தனை சண்டை! ஏகாம்பரம் அண்ணன் வீட்டம்மா பட்டுக்குச் சாயம் போட அடுப்பு மூட்டிவிட்டு, "யக்கா, தண்ணி வுடுக்கா, உலை காயுது" என்று கெஞ்சுவாள். "அவசரப்பட்டா ஒரு அங்குலம் பூடும், இரு" என்பாய். ஒரு தடவை அளந்து, நம்பாமல் மறுபடி சாக்பீஸ் தேய்த்து இறக்குவாய். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவை. மழை கொட்டிய ஒரு ஐப்பசியில் நான் குடையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். மழைத்தண்ணீரில் டேப் முழுக்க நனைந்துபோய்ச் சாக்பீஸ் நிற்கவில்லை. "இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று டேப்பைச் சுற்றிவிட்டாய். மறுநாள் அளந்து, 'இரண்டாம் தேதி, நேற்று மழை' என்று நோட்டில் எழுதினாய். உன்னிடம் யார் கேட்டார்கள் அந்த விளக்கத்தை? முதல் தேதி என்றே போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் நீ போடவில்லை.

மாகறல் ஊருக்கு ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனாயே. அங்கே ஆபீஸ்காரர்கள் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் குழாய் இறக்கித் தோண்டினார்கள். எடுத்த மண்ணைப் பத்தடிக்கு ஒரு குவியலாகத் தரையில் வரிசையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். முதலில் களிமண். அப்புறம் வெள்ளையாக மணல், ஆற்றில் அள்ளியது போல வழுவழுவென்று. கடைசியில் உளுத்துப்போன பாறை. நீ அந்த மணலில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாய். திரும்பும்போது பஸ்ஸில் என் கையில் கொட்டிக் காட்டினாய்.

"பாருடி, அறுவது அடிக்குக் கீழ ஆத்து மணலு. எந்தக் காலத்துலயோ ஆறு அப்டி ஓடிக்கினு இருந்துச்சாம். நம்ப தெருவுக்கு அடியிலயும் இதே மணலுதான் போவுதாம்."

"அதுக்கு இப்ப இன்னான்ற?"

"ஒரே மணலுடி. ஒருத்தன் அந்தக் கோடியில உறிஞ்சினா இந்தக் கோடியில எறங்கும்."

அதே மாதிரிதான் இப்போது ஆகப்பார்த்தது அக்கா.

நீ போன பிறகு சில மாதம் கிணற்றை யாரும் அளக்கவில்லை. தை மாதம் வந்தது. கல்யாணப் புடவைகள் குவிந்த நேரம், எல்லா வீட்டிலும் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தெளிக்க நீளமாக ஒரே நேர்க்கோட்டில் இடம் வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? அந்தப் பக்கம் முழுக்க ஆட்டோவும் பைக்கும் நிற்கின்றன. இந்தப் பக்கம் கிணற்றுச் சுவர் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கிறது. சுவரை இடித்துவிட்டுத் தரைமட்டத்துக்குச் சிமென்ட் பலகை போட்டு மூடிவிட்டால் பாவு அதன் மேலேயே போகும் என்று ஏகாம்பரம் அண்ணன் சொன்னார். எல்லாரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன்.

நீ சாய்ந்து நின்ற சுவரைப் பார்க்கத் தாளவில்லை, அதனால்தான் சம்மதித்தேன் என்று உன்னிடம் சொல்லலாம். சொன்னால் பொய். எனக்கும் அன்றைக்கு ஒரு பாவு நீட்ட வேண்டியிருந்தது. கடப்பாரையால் அவர்கள் பெயர்த்துப்போட, நாங்கள் பொம்பளைகள் செங்கல்லை அள்ளிக் கொட்டினோம். மஞ்சள் வட்டம் போட்ட துண்டு என் கைக்குத்தான் வந்தது. பார்த்தேன். உன் நம்பர் என்று தெரிந்தது. தெரிந்தும் குப்பைமேட்டில் போட்டேன்.

மாசியில் ஆபீசிலிருந்து புதிதாக ஒரு ஒப்பந்த ஆள் பைக்கில் வந்தார். சிமென்ட் பலகையின் மூடியைத் திறந்து டேப்பை விட்டார், எண்ணை ஃபோனில் தட்டினார், போய்விட்டார். பேச்சும் இல்லை, நோட்டும் இல்லை.

ஆனியில்தான் விஷயம் தெரிந்தது. தெருக்கோடித் தாங்கல் ஏரி ஓரத்தில் தண்ணீர் கம்பெனி ஒன்று ஆழமாக மூன்று போர்வெல் போட அனுமதி கேட்டிருந்தது. பாட்டிலில் அடைத்து விற்கிறவர்கள். நம் கிணறு வற்றிவிடும் என்று சொல்லத் தெருவே திரண்டு, அதற்காகப் போட்ட கூட்டத்துக்குப் போனோம். நீர் ஆபீசின் அதிகாரி, கண்ணாடி போட்டவர், ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"உங்க தெருக் கிணத்துல தண்ணி இறங்கலைம்மா. போன வருஷம் மாசியில தரையிலேருந்து பதினெட்டு அடி. இந்த வருஷம் மாசியில பதினாறு. ரெண்டு அடி ஏறியிருக்குது."

"மழையே சரியா பெய்யல சார், எப்டி ஏறும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதாவது, பழைய எண்கள் சரியா இருந்திருக்காது. முன்னாடி அளந்தவங்க படிக்காத அம்மா. நம்பத்தகுந்ததில்லைன்னு குறிப்பு எழுதியிருக்குது."

படிக்காத அம்மா! மூன்று தடவை அளந்தவள். மழை நாளை மழை நாள் என்று எழுதினவள். எதிரில் உட்கார்ந்திருந்த நம் தெருக்காரர்கள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. மாதாமாதம் நீ அளந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அத்தனை பேரும்!

வீட்டுக்கு வந்து உன் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் மூன்றாவது வரைதான். ஆனாலும் எண் தெரியும். பாவில் எத்தனை இழை என்று எண்ணுகிறவளுக்கு உன் எண்ணைப் பார்க்க என்ன கஷ்டம்? போன வருஷம் மாசி: இருபத்தொன்று, பக்கத்தில் பதினெட்டு. இருபத்தொன்று சுவரின் உச்சியிலிருந்து, பதினெட்டு தரையிலிருந்து. அப்போதுதான் நீ அன்றைக்குச் சொன்னது மண்டையில் இறங்கியது. என் வீட்டுக்காரரை, அதான் உன் கொழுந்தனை, டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பலகையிலிருந்து அளந்தேன். இரண்டு தடவை. பிறகு நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தக் கண்ணாடிக்காரர் முதலில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மனு குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார்.

"மனு இல்ல சார். ஒரு கேள்வி. மாசியில உங்க ஆளு அளந்து அனுப்புன எண்ணு இன்னா?"

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "பத்தொன்பது."

"அப்ப பதினாறு எங்கேருந்து வந்துச்சி?"

"கைப்பிடிச் சுவர் மூணு அடிம்மா. அதைக் கழிக்கணும். கம்ப்யூட்டரே கழிச்சிடும்."

"எந்த சொவுரு சார்?"

அவர் ஃபைலில் சுவர் உயரம் எழுதிய பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"அங்க சொவுரே இல்ல சார். தரையோட தரையா பலகை போட்டு மூடியிருக்குது. பத்தொம்போதுன்னா பத்தொம்போதுதான். போன வருஷத்த வுட ஒரு அடி எறங்கியிருக்குது. இல்லாத சொவுத்தக் கழிச்சி ஏறிடுச்சின்னு சொல்றீங்க. அளந்தவ செத்துட்டா, அவ வந்து கேக்க மாட்டான்னு படிக்காதவன்னு எழுதுறீங்க. உங்காளு படிச்சவருதானே, சொவுரு இல்லன்னு அவரு கண்ணுக்குத் தெரியலையா?"

சத்தம் அதிகமாகிவிட்டது போல. பக்கத்து அறையிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். உன் நோட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 'நேற்று மழை' என்ற வரியில் விரலை வைத்துப் படித்தார். அப்புறம்தான், "உக்காருங்கம்மா" என்றார்.

மறுநாள் அவரே தெருவுக்கு வந்து, மண்டியிட்டு மூடியைத் திறந்து, தன் கையால் அளந்தார். "தப்புதான். திருத்திடறேன். ஆனா சுவர் எந்த மாசத்துலேருந்து இல்லைன்னு தெருக்காரங்க எழுதிக் குடுக்கணும். அந்த மாசத்துலேருந்துதான் திருத்த முடியும்" என்றார். கையோடு இன்னொன்றையும் சொன்னார்: அது சர்க்கார் குறி போட்ட சுவர், யார் இடித்தார்கள் என்றும் எழுத வேண்டும்.

அவர் ஜீப் திரும்பியதுதான் தாமதம், ஏகாம்பரம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சரசு, நல்ல காரியம் பண்ண. போர் நின்னுடும். இப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. அஞ்சு வருசம் முன்னாடி ஒரு பேய்மழை பேஞ்சிச்சி இல்ல, அதுல சொவுரு தானா வுழுந்துச்சின்னு எழுதிடுவோம். யாரு மேலயும் கேசு வராது."

"அஞ்சு வருசமா?"

"ஒரு பேச்சுக்குமா."

"அஞ்சு வருசமா சொவுரு இல்லன்னா, சாகற வரைக்கும் அக்கா இல்லாத சொவுத்தக் கழிச்சிக்கினு இருந்தான்னு ஆவும். நாலு வருசத்துக்கு மேல அவ எழுதுனது பொய்யின்னு ஆவும்."

"ஆவட்டும்மா. அவதான் பூட்டாளே. செத்தவளுக்கு இன்னா கெட்டுப் போவுது? இருக்கறவங்களப் பாரு."

கெட்ட மனுஷன் இல்லை அவர். உன் பாடைக்கு முதல் தோள் கொடுத்தவர். உன்னிடம் 'நாக்க நீட்டு' என்று வாங்கிக்கட்டிக்கொண்டவர். எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம் என்றே தெரியாமல், கடையில் மீதிச் சில்லறையை விட்டுவிடு என்பதுபோலச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். உன் எண்ணை வைத்துத்தான் தெருவைக் காப்பாற்றினோம். காப்பாற்றிய மறுநாளே அதே எண்ணைப் பொய்யாக்கித் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். ஆபீஸ்காரராவது உன்னைத் தெரியாமல் சொன்னார். இவர்களுக்கு உன்னைத் தெரியும்.

"நான் எழுதறேன்" என்றேன்.

"நீ ஒருத்தி எழுதுனா எல்லாரும் மாட்டுவோம்."

"என் பேர மட்டும் எழுதறேன் அண்ணே. பயப்படாத."

எழுதினேன். உன் கொழுந்தன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல, நானே என் கையால். 'என் ஓரகத்தி இறந்த பிறகு, இந்த வருஷம் தை மாதம், தெருவில் பாவு நீட்டுவதற்காகக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் இடிக்கப்பட்டது. அதில் நானும் ஒருத்தி. குறி போட்ட செங்கல்லை நான்தான் எடுத்துப் போட்டேன். அவர் உயிரோடு இருந்தவரை சுவர் இருந்தது. அவர் எழுதியதெல்லாம் சரி.' கடைசி வரியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உன் கொழுந்தன் அதைப் படித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

நேற்று ஆபீசில் அந்தக் குறிப்பை என் எதிரிலேயே அடிக்கச் சொன்னேன். அடித்தார். அடித்ததைக் காட்டச் சொல்லி எழுத்துக் கூட்டிப் படித்தேன். நம்-பத்-தகுந்-த-தில்-லை. அதன் மேல் கோடு. பக்கத்தில் அவர் கையெழுத்து. "இவ்ளோ வேணுமாம்மா?" என்று கேட்டார். வேணும் சார் என்றேன்.

போர் அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கொடுக்கவே மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் நான் நிம்மதியாக இல்லை. சுவரைத் தெருக்காரர்களே திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. என் பெயரை மட்டும்தான் எழுதினேன், ஆனால் நோட்டீஸ் தெருவுக்கே வந்துவிட்டது. ஏகாம்பரம் அண்ணன் வீட்டம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நேற்று என் பாவுக்குக் கஞ்சி தெளிக்க மறுமுனையைப் பிடிக்க ஆள் வரவில்லை. நானும் உன் கொழுந்தனும் மட்டும் இழுத்துக்கட்டினோம். பாதி இழை அறுந்தது. அறுந்தால் முடிந்துகொள்கிறேன்.

நீயாக இருந்தால் சிரித்துப் பேசி அவர்களைச் சரிக்கட்டியிருப்பாய். எனக்கு அது வராது. கையெழுத்துப் போட்டதும் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. அவர்கள் மேல் இருந்ததில் பாதி என் பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் தறியில் உட்காருகிறேன். இருக்கட்டும். யாராவது வந்து கேட்டால் என்னிலிருந்தே தொடங்கிச் சொல்வேன். சுவரை இடித்தது நாங்கள். இல்லாத சுவரைக் கழித்தது அவர்கள். சரியாக அளந்தது நீ ஒருத்திதான்.